வலக்கைப் பிடி

தில்லைநாதனின் கையிலிருந்து ஒரு மனுசி நழுவிப்போனது வைகாசி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், காலை ஒன்பதரைப் படகில். அவள் சாகவில்லை. கடலுக்குள்ளும் விழவில்லை. படகின் விளிம்புக்கும் இறங்குதுறைப் படிக்கும் நடுவே ஒரு கால் இறங்கி, முழங்காலில் தோல் உரிந்து, ஒரு செருப்பு தண்ணீரோடு போனதோடு சரி. பின்னால் நின்ற ஆள் அக்குளில் கைகொடுத்துத் தூக்கிவிட்டார். மனுசி எழும்பிச் சேலையை உதறிக்கொண்டு, "அம்மாளாச்சிக்கு என்ர செருப்பிலை ஒரு கண் போல" என்று சொல்லி, மற்றச் செருப்பையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு கோயில் பக்கம் நடந்தாள். சனம் சிரித்தது. சோளகக் காற்று அடிக்கிற காலத்தில் படகு ஆடும், ஆடினால் ஆள் சறுக்கும், அதில் பேச என்ன இருக்கிறது?

தில்லைநாதன் சிரிக்கவில்லை. படகு ஆடினது உண்மை. ஆனால் மனுசி போனது அதனாலல்ல. அவன் பிடித்துக்கொண்டிருந்தபோதே அவனுடைய விரல்கள் தம்பாட்டுக்குத் திறந்துகொண்டன.

குறிகாட்டுவானுக்கும் நயினாதீவுக்கும் இடையில் ஓடுகிற அந்தப் படகில் மூன்று பேர் வேலை. சுக்கானில் சிவகரன், படகும் அவனுடையதுதான், தகப்பன் விட்டுப்போனது. டிக்கெற் கிழிக்க நிசாந்தன். விளிம்பில் நின்று சனத்துக்குக் கைகொடுத்து ஏற்றி இறக்குவது தில்லைநாதன். இருபத்திரண்டு வருடமாக அதுதான் வேலை. ஒரு கால் படியில், ஒரு கால் விளிம்பில், இடக்கையில் கயிறு, வலக்கை சனத்துக்கு. புதிதாக வருகிறவன் ஆளைப் பிடித்து இழுக்கப் பார்ப்பான். இழுத்தால் இரண்டு பேரும் கடலுக்குள். அலை படகைத் தூக்கும். தூக்கி முடிகிற அந்தக் கணத்தில் விரல்களைப் பூட்டிவிட்டு மரம் மாதிரி நிற்க வேண்டும். மிச்சத்தை அலையும் வந்தவரின் காலும் பார்த்துக்கொள்ளும். கிழவர், பிள்ளைத்தாய்ச்சி, விகாரைக்கு வருகிற தெற்குச் சனம், கொழும்பிலிருந்து குதியுயர்ந்த செருப்போடு வருகிற பெட்டையள், எல்லாருக்கும் அதே பூட்டுத்தான். அந்தப் பூட்டுத்தான் இப்போது கழன்று போயிருந்தது.

திரும்பி வருகிறபோது படகில் ஆட்கள் குறைவு. சிவகரன் சுக்கானடிக்குக் கூப்பிட்டான்.

"என்ன நடந்தது தில்லையண்ணை?"

"ஈரம் தம்பி. மனுசியின்ர கை ஈரமாய்க் கிடந்தது."

"அவ இறங்கிறதுக்கு எழும்பேக்கையே கைலேஞ்சியாலை வடிவாய்த் துடைச்சவ. நான் பாத்துக்கொண்டுதான் இருந்தனான்."

தில்லைநாதன் கடலைப் பார்த்தான்.

"இது முதல்தரம் இல்லை" என்றான் சிவகரன். "ரெண்டு மூண்டு மாசமாய்ப் பாக்கிறன், கயிற்றைக் கையிலை சுத்திப் பிடிக்கிறியள். பிடிக்க ஏலாதவன்தான் சுத்துவான். படகு விலகினால் விரல் நாலும் கயிற்றோடை போகும். அப்பர் இருந்திருந்தால் உங்கட செவிட்டைப் பொத்தி ஒண்டு விட்டிருப்பார்."

"ஓம், விட்டிருப்பார்."

"ஆக்களை மணிக்கட்டிலை பிடிச்சால் என்ன? அது வழுக்காது."

"விசர்க்கதை கதையாதையும். காப்பிலை கை வைக்கச் சொல்லுறீரோ?"

சிவகரன் சுக்கானைத் திருப்பினான். அந்தக் கதை அவனுக்கும் தெரியும். திருவிழா என்றால் அலுமாரிக்குள் கிடந்த தங்கமெல்லாம் பெண்களின் கையில் ஏறிவிடும். எந்தக் காலத்திலோ படகுக்காரன் ஒருவன் மணிக்கட்டில் பிடித்துத் தூக்க, காப்பு நெளிந்து, நெளிந்தது களவெடுக்கப் பார்த்தது என்று மாறி, அடிதடியாகப் போனது. அன்றிலிருந்து இந்தத் துறைகளில் உள்ளங்கைக்கு உள்ளங்கைதான். மணிக்கட்டை யாரும் கொடுப்பதில்லை, யாரும் தொடுவதுமில்லை.

"கொடியேற இன்னும் ஆறு கிழமை இருக்கு" என்றான் சிவகரன். "ஆஸ்பத்திரியிலை காட்டுங்கோ. கை சரி எண்டு ஒரு துண்டு எழுதி வாங்கிக்கொண்டு வாங்கோ. இல்லாட்டில் திருவிழாவுக்கு நிசாந்தன் விளிம்பிலை நிக்கட்டும், நீங்கள் டிக்கெற்றைப் பாருங்கோ."

இதைச் சிவகரன் மரியாதையாகத்தான் சொன்னான். ஆனால் அதற்குள் என்ன கிடக்கிறது என்று தில்லைநாதனுக்கு விளங்கியது. டிக்கெற்றைப் படகில் வைத்துக் கிழிக்கத் தேவையில்லை, துறையிலேயே கிழிக்கலாம், அதற்கு ஒரு ஆள் வீண் என்று இரண்டு வருடமாகச் சிவகரன் சொல்லிக்கொண்டிருக்கிறான். திருவிழா முடிந்து சனம் குறைய டிக்கெற்காரன் போவான். இத்தனை நாளும் அது நிசாந்தனாக இருந்தது. இனி அது தில்லைநாதன். ஐம்பத்துநாலு வயதில் படகை விட்டால் துறையில் சிமெந்து இறக்கலாம், மணல் அள்ளலாம். அதற்கும் கைதான் வேண்டும். மகள் கோபிகா மட்டக்களப்புக் கம்பஸில் படித்து முடிக்க இன்னும் ஒன்றரை வருடம் கிடந்தது.

நயினாதீவு வீட்டில் மனைவி சறோஜினிதேவியிடம் நடந்ததைச் சொன்னான். அவள் குசினி வாசலில் நின்று கேட்டாள். ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை.

"எனக்குப் போன வருசமே தெரியும்" என்றாள்.

"என்னெண்டு?"

"நீங்கள் பிழிஞ்சு போடுற சாரம் ஒரு மணித்தியாலம் நிண்டு சொட்டுது. முந்தி நீங்கள் பிழிஞ்சால் துணியே முறுகிப்போய்க் கிடக்கும்."

"ஏன் சொல்லேல்லை?"

"சொன்னால் சண்டைக்கு வருவியள். நான் திருப்பிப் பிழிஞ்சு போட்டனான்."

செவ்வாய்க்கிழமை வேலைக்குப் போகாமல், அக்கரையில் பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனான். டாக்குத்தர் கையைத் தட்டிப் பார்த்து, சீனி இருக்கோ என்று பார்க்க இரத்தம் எடுப்பித்து, பிசியோ அறைக்கு அனுப்பினார். அங்கே நிலாந்தினி என்று ஒரு பெண். பக்கத்துத் தீவில் சுருவில் ஊர்க்காரி, இருபத்தேழு வயதிருக்கும். மேசையிலிருந்து ஒரு கருவியை எடுத்தாள். இரும்பில் ஒரு பிடி, அதன் தலையில் மணிக்கூடு மாதிரி ஒரு முள்.

"கதிரையிலை நேராய் இருங்கோ ஐயா. முழங்கையை விலாவோடை ஒட்டி மடக்குங்கோ. இனி நெரியுங்கோ, ஏலுமட்டும். மூண்டு தரம். நடுவிலை கையை ஆறவிடுவம்."

அவன் பல்லைக் கடித்துக்கொண்டு நெரித்தான். இரும்பு அசையவில்லை, முள்தான் கொஞ்சம் ஏறி நின்றது. கழுத்து நரம்பு புடைத்த அளவுக்குப் பார்த்தால் அது சுற்றி வந்திருக்க வேண்டும்.

"இருபத்திரண்டு" என்றாள். பிறகு இருபத்துமூன்று. பிறகும் இருபத்திரண்டு. "மற்றக் கை."

இடக்கை முப்பத்தொன்று காட்டியது.

"நீங்கள் வலக்கைதானே பழக்கம்?"

"ஓம்."

"அப்ப வலக்கைதான் ஒரு பிடி கூட இருக்கவேணும்." எழுதிக்கொண்டே சொன்னாள்: "உங்கட வயசு ஆம்பிளையளுக்கு முப்பத்தைஞ்சு, நாப்பது கிலோ மட்டிலை வரும். இளந்தாரியளுக்கு நாப்பத்தைஞ்சு, அதுக்கு மேலையும் போகும். உயரம், உடம்பு, செய்யிற வேலை எல்லாத்தையும் பொறுத்தது. ஆனால் இருபத்தெட்டுக்குக் கீழை எண்டால் நாங்கள் கொஞ்சம் யோசிப்பம்."

"நான் ஐம்பது கிலோ சிமெந்துப் பை தூக்கிறனான் பிள்ளை."

"அது தோளும் முதுகும் தூக்கிறது. இது விரல்."

"வேலை செய்யாதவன்ர கை போகலாம். நான் சின்னனிலையிருந்து கயிறு இழுக்கிறன். என்ர கைக்கு வேலை காணாதெண்டோ சொல்லுறியள்?"

"வேலை கூடிப்போச்சு, ஐயா. எல்லாம் ஒரே வேலை. பிடி, பிடி, பிடி. இந்த விரலுகளை எப்பவாவது விரிக்கப் பழக்கினனீங்களோ?" அவனுடைய மணிக்கட்டில் விரலால் தட்டினாள். பெருவிரல்வரை மின்சாரம் அடித்தமாதிரி ஓடியது. "இரவிலை விறைக்குதோ?"

"விறைக்கும். உதறினால் போகும்."

"இதுக்குள்ளை ஒரு நரம்பு நெரிபடுது போல கிடக்கு. யாழ்ப்பாணத்துக்கு ஒரு பரிசோதனைக்கு எழுதி விடுறம். அதுவரைக்கும் படுக்கேக்க இந்தப் பட்டியைக் கட்டுங்கோ."

பிறகு செய்யவேண்டியதைக் காட்டினாள். மெத்தென்ற றப்பர் பந்தை நெரித்து ஐந்து எண்ணும்வரை பிடித்து விடுவது, பத்துத் தரம். ஆறி மறுபடி பத்து. விரல்களைச் சுற்றி றப்பர் வளையம் போட்டு விரிப்பது. ஈரத் துவாயைக் கயிறாக முறுக்குவது. அரைவாசித் தண்ணீரோடு வாளியைத் தூக்கிக்கொண்டு முற்றத்தில் நடப்பது. முட்டை, மீன், பயறு சாப்பிடுவது.

"ஒருநாள் விட்டு ஒருநாள்தான். நொந்தால் நிப்பாட்டவேணும். கை ஆறுற நாளிலைதான் பலம் வைக்கும். ஐஞ்சு கிழமையாலை வாங்கோ, திருப்பி அளப்பம்."

"இருபத்தெட்டு வந்தால் துண்டு தருவியளோ?"

"அந்த வேலைக்கு இருபத்தெட்டே காணாது" என்றாள். "ஆனால் ஏறுதெண்டு கண்டால் டாக்குத்தரோடை கதைச்சுப் பாக்கிறன்."

சீனி இல்லை என்று வந்தது. பந்து வாங்கினான். முதல் கிழமை சொன்னபடி செய்தான். பந்து லேசாக இருந்தது. பிள்ளைகள் விளையாடுகிற சாமான். அதை நெரித்து ஒரு மனுசன் பலம் பெறுவது எப்படி? பத்துத் தரம் நெரித்துவிட்டுச் சும்மா இருப்பது அதைவிட வெட்கமாக இருந்தது. இரண்டு மாதத்துக் கூலியை ஒரு மாதத்தில் உழைக்க வேண்டுமென்றால் இரட்டை வேலை செய்ய வேண்டும். அவனுக்குத் தெரிந்த கணக்கு அதுதான். அவனுடைய தகப்பனுக்கும் அதுதான் தெரியும்.

படகில் அவன் பந்தை நெரிப்பதை முதலில் பிடித்தது ஆழ்வாப்பிள்ளை. வேலணையில் புகையிலைத் தோட்டம் செய்த மனுசன், எழுபத்தெட்டு வயது, ஆளும் அதற்கேற்ற பாரம். வெள்ளி தவறாமல் நயினாதீவுக் கோயிலுக்குப் போகிறவர்.

"என்னடா தில்லை, உதை ஏன் பிசையிறாய்? சறோ புட்டுக்கு மாக் குழைக்க விடுறேல்லையோ?"

"ஆஸ்பத்திரியிலை தந்த வைத்தியம் அண்ணை."

"நல்ல வைத்தியம். எங்கட காலத்திலை உதுக்கு மண்வெட்டி எண்டு பேர்."

படகு முழுக்கச் சிரித்தது. நிசாந்தன்தான் சிரிக்காமல் கிட்ட வந்தான். இருபத்தெட்டு வயது, வேலணைச் சந்தியில் ஜிம்முக்குப் போகிறவன், சேட்டுக் கை இறுகி நிற்கும்.

"அண்ணை, உந்தப் பந்தாலை ஒண்டும் நடக்காது. ஜிம்மிலை ஸ்பிரிங் ஒண்டு இருக்கு, நாப்பது கிலோ. நான் கொண்டுவந்து தாறன்."

மறுநாள் கொண்டுவந்தும் தந்தான். தில்லைநாதனின் இடத்தைத்தான் தான் பிடிக்கப் போகிறேன் என்ற எண்ணம் நிசாந்தனுக்கு இருந்ததாகத் தெரியவில்லை. நல்ல பெடியன். அந்த ஸ்பிரிங்தான் தில்லைநாதனின் கையை முடித்துவிட்டது.

நாற்பது கிலோ அவனுக்கு முதலில் பாதியும் மூடவில்லை. மூடாததால் பிடித்துப்போயிற்று. இதுவல்லவோ வேலை! ஒவ்வொரு பயணத்துக்கும் நடுவில் நெரித்தான். பஸ்ஸுக்கு நிற்கும்போது நெரித்தான். சாப்பிட்டுவிட்டு நெரித்தான். நோ வந்தது; வேலை செய்தால் நோகும், நோகாத வேலை என்ன வேலை? வாளியை விளிம்புவரை நிரப்பி நடந்தான். மணிக்கட்டுப் பட்டியை இரண்டு இரவு கட்டிவிட்டு ஆணியில் தொங்கவிட்டான்.

"அந்தப் பிள்ளை ஒருநாள் விட்டு ஒருநாள் எண்டல்லே சொன்னது?" என்றாள் சறோ.

"இறைச்ச கிணறுதான் ஊறும்."

"உங்கட கை கிணறோ?"

"நீ கதையாதை. சத்தம் போட்டால் எண்ணிக்கை விடுபட்டுப்போகுது."

ஸ்பிரிங் கிறீச் கிறீச் என்று கத்திக்கொண்டே இருந்தது. சறோ சட்டிபானையோடு அடுத்த பக்கம் போய்விட்டாள். நாலாம் கிழமை விடியற்புறங்களில் விரல்கள் வீங்கி, தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருந்தது. பலம் வைக்கிற வீக்கம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். வேறு என்னத்தைச் சொல்வது? நாட்கள் போய்க்கொண்டிருந்தன.

அளக்கப் போகிற நாளுக்கு அவன் ஒரு யோசனை வைத்திருந்தான். முதல்தரம் இருபத்துமூன்று வந்ததற்குக் காரணம் கை குளிர்ந்து கிடந்ததுதான். படகு இயந்திரம்கூட விடியற்காலையில் முக்கி முனகிப் பிறகுதான் இழுக்கும். கையைச் சூடேற்றிக்கொண்டு போக வேண்டும். ஆகவே அன்று முதல் படகில் வந்து, குறிகாட்டுவானில் நின்ற லொறியிலிருந்து நாற்பது பை சிமெந்தை மற்ற இரண்டு பேரோடு சேர்ந்து இறக்கினான். பஸ்ஸில் இருந்தபடி நெடுக ஸ்பிரிங்கை நெரித்தான். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது கை கொதித்தது. இன்றைக்கு முள் சுற்றி வரும் என்று நினைத்தான்.

நிலாந்தினி கருவியைக் கொடுத்தாள். நெரித்தான்.

அவள் முள்ளைப் பார்த்துவிட்டு அவனைப் பார்த்தாள். "திருப்பி."

நெரித்தான்.

"கையை மேசையிலை வையுங்கோ. ஐஞ்சு நிமிசம் இருப்பம்."

ஐந்து நிமிடம் இருந்தார்கள். மூன்றாம் தரமும் முதல் தரத்துக்கு மேலே போகவில்லை.

"எவ்வளவு?"

"பத்தொன்பது."

"மெசின் பிழை போல."

அவள் தன் கையால் ஒருதரம் நெரித்துக் காட்டினாள். இருபத்தேழு. கருவியை வைத்துவிட்டு அவனுடைய விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தாள். நகக் கண்களில் சிமெந்து ஒட்டியிருந்தது.

"இண்டைக்கு வேலை செய்துபோட்டோ வந்தனீங்கள்?"

"கொஞ்சம். கை சூடாய் இருக்கட்டுமெண்டு."

"ஒருநாள் விட்டு ஒருநாள் செய்தனீங்களோ?"

"ஒவ்வொரு நாளும் செய்தனான்" என்றான். அதைச் சொல்லும்போது இன்னும் கொஞ்சம் பெருமை மிச்சமிருந்தது. "முன்னூறு, நானூறு தரம். நாப்பது கிலோ ஸ்பிரிங். இறைக்க இறைக்கத்தானே பிள்ளை ஊறும்?"

"எங்கை ஊறும்?"

அவன் விளங்காமல் பார்த்தான்.

"எங்கட சுருவில் வீட்டுக் கிணற்றுக்கு அப்பா மோட்டர் வைச்சவர்" என்றாள். "மிளகாய்க்கு மூண்டு நாள் விடாமல் இறைச்சார். நாலாம் நாள் உவர். இண்டைக்கும் அந்தத் தண்ணி வாயிலை வைக்க ஏலாது. நீங்களும் தீவாள்தானே ஐயா? தீவிலை ஆர் அப்பிடி இறைக்கிறது?"

நயினாதீவில் பிறந்த எவனுக்கும் அது தெரியும். மேலே நிற்கிற நல்ல தண்ணீரை அளவாக மொண்டு, விட்டு, மறுபடி சேரவிட வேண்டும். கிணற்றுக்குத் தெரிந்திருந்த அவனுக்குக் கைக்குத் தெரியாமல் போயிற்று.

"நரம்பு இன்னும் நெரிஞ்சிருக்கு, தசைநாரும் வீங்கியிருக்கு. இனி ஒரு கிழமை ஒண்டும் செய்யக் கூடாது. பேந்து ஆகச் சின்னனாய்த் தொடங்குவம். திங்களும் வியாழனும் இஞ்சை வந்து எனக்கு முன்னாலை செய்யுங்கோ, வீட்டிலை செய்ய விடமாட்டன். மூண்டு மாசம் பிடிக்கும்."

"கொடியேற மூண்டு நாள்தான் கிடக்கு பிள்ளை."

"துண்டு நான் கேக்கவே மாட்டன். டாக்குத்தரும் எழுதார். உங்கட கையிலை ஆக்கள் தொங்குகினம் ஐயா."

பஸ்ஸில் வரும்போது யன்னல் கம்பியைப் பிடிக்கவும் கை மனம் வைக்கவில்லை. ஸ்பிரிங் சேட்டுப் பைக்குள் கிடந்து குத்தியது. அவனுக்குக் கோபம் வரவில்லை, அழுகையும் வரவில்லை. களைப்புத்தான் வந்தது. இருபத்திரண்டு வருடத்துக் களைப்பு ஒரே மூச்சில் வந்து பக்கத்தில் இருந்ததுபோல இருந்தது.

குறிகாட்டுவானில் சிவகரன் கேட்டான்: "என்னமாதிரி அண்ணை? துண்டு?"

"தருவினம். டாக்குத்தர் இண்டைக்கு இல்லை."

"கை?"

"பறவாயில்லை."

சிவகரன் அவனுடைய முகத்தை ஒருதரம் பார்த்தான். "அப்ப சரி" என்றான்.

கொடியேற்றத்தன்று சோளகம் பேய் மாதிரி அடித்தது. துறையில் சனம் வரிசையாக நின்று, பிறகு வரிசை உடைந்து, பிறகு ஒரே தள்ளுமுள்ளு. தில்லைநாதன் உள்ளங்கையில் மணலைத் தேய்த்துக்கொண்டு விளிம்பில் நின்றான். குறிகாட்டுவானில் ஏற்றுவதில் பெரிய சிக்கல் வரவில்லை. படகுக்குள் இறங்குகிற ஆளின் பாரம் கீழே போகும், நிசாந்தனும் உள்ளே நின்று தாங்கினான். நயினாதீவில்தான் சிக்கல். அங்கே சனம் படகிலிருந்து மேலே படிக்கு ஏற வேண்டும், பாரம் முழுக்க விளிம்பில் நிற்கிறவனின் கையில்.

கையை மாற்றிப் பார்த்தான். சனத்துக்கு இடக்கை, கயிறு வலக்கையில். நாலு பேர் படியில் ஏறினார்கள். அலை படகை வெளியே இழுத்தபோது கயிறு வலக்கைக்குள்ளால் வழுக்கி ஓடியது. யோசிக்க முன்னம் அதை மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றினான். படகு இன்னும் விலக, கயிறு இறுகித் தோலைச் சீவிக்கொண்டு போனது.

"அண்ணை! கயிறு!" சுக்கானிலிருந்து சிவகரன் கத்தினான்.

படகு திரும்ப வந்து டயரில் முட்டியதால் கை மிஞ்சியது. சுற்றை அவிழ்த்தான். கயிற்றை இடக்கைக்கு மாற்றினான். மணிக்கட்டில் இரத்தம் பொட்டுப்பொட்டாக வந்தது. வலக்கையை நீட்டினான். ஒரு பெட்டை பிடித்தாள், பாரமில்லை, ஏறிவிட்டாள். அடுத்தது ஆழ்வாப்பிள்ளை.

மனுசன் பொல்லைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வேட்டியை மடித்துப் பிடித்துக்கொண்டு, எத்தனையோ வருடமாகச் செய்ததுபோலப் பார்க்காமலே கையை நீட்டினார். கீழே படகுக்கும் கல்லுக்கும் நடுவில் தண்ணீர் திறந்து மூடியது. திறக்கும்போது ஒரு ஆள் போகக்கூடிய அகலம்.

தில்லைநாதன் தன் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

"என்னடா?" ஆழ்வாப்பிள்ளையின் கை அந்தரத்தில் நின்றது. "அலை வருது, பிடி!"

"வேண்டாம் அண்ணை. என்ர கை பிடிக்காது."

"பகிடி விடுற நேரமோடா?"

"பகிடி இல்லை. ஆஸ்பத்திரியிலை அளந்தவை. பத்தொன்பது கிலோதான் பிடிக்குதாம். நீங்கள் எண்பது கிலோ."

பின்னால் நின்ற சனம் தள்ளுவதை நிறுத்தியது. யாரோ ஒருத்தி, "பிடிக்க ஏலாதவனை என்னத்துக்கு உதிலை நிப்பாட்டி வைச்சிருக்கினம்?" என்றாள். குரலைத் தாழ்த்தவும் இல்லை. தில்லைநாதன் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் சொன்னதில் பிழை இல்லை.

"நிசாந்தன்! டிக்கெற் பையை விட்டிட்டு இஞ்சை வா. விளிம்புக்கு வா."

நிசாந்தன் வந்தான். கயிற்றை வாங்கினான், கைகொடுத்தான். ஆழ்வாப்பிள்ளை கல்லில் ஏறிப் பொல்லை ஊன்றிக்கொண்டு திரும்பினார்.

"எண்பது இல்லையடா" என்றார். "எழுபத்தாறு. நான் இப்ப மெலிஞ்சிட்டன்."

சனம் இறங்கி முடிய அரைமணித்தியாலம் சென்றது. சிவகரன் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்து பக்கத்தில் இருந்தான். பழந்துணி ஒன்றைக் கொடுத்தான். தில்லைநாதன் அதை மணிக்கட்டில் வைத்து அழுத்தினான்.

"துண்டு தருவினம் எண்டனீங்கள்."

"பொய் சொன்னனான்."

"தெரியும்."

தில்லைநாதன் நிமிர்ந்து பார்த்தான். "தெரிஞ்சுகொண்டோ நிக்க விட்டனீர்?"

"வேறை ஆள் எங்கை அண்ணை? இண்டைக்குக் கொடி. நிசாந்தன் இன்னும் விளிம்பிலை நிண்டு பழகேல்லை." சிவகரன் முகத்தை இரண்டு கையாலும் தேய்த்தான். அவனும் நாலு மணிக்கு எழும்பினவன். "ஒண்டும் நடக்காதெண்டு நினைச்சன்."

கோயிலில் மேளம் கேட்டது.

"மூண்டு மாசமாம்" என்றான் தில்லைநாதன். "ஆற விட்டு, பேந்து மெல்ல மெல்ல."

"மூண்டு மாசத்துக்கு நான் என்ன செய்யிறது?"

"எனக்குத் தெரியாது தம்பி."

"திருவிழா முடியுமட்டும் டிக்கெற்றைப் பாருங்கோ. அதுக்கங்காலை இப்ப ஒண்டும் சொல்ல ஏலாது."

"சரி. ஆனால் திங்களும் வியாழனும் நான் வரமாட்டன். ஆஸ்பத்திரி."

"திருவிழாவுக்குள்ளையோ?"

"திருவிழாவுக்குள்ளைதான்."

"அந்த நாளுக்குச் சம்பளம் தரமாட்டன்."

"தர வேண்டாம்."

சிவகரன் எழும்பிச் சுக்கானடிக்குப் போனான். துறையில் திரும்பிப் போகிற சனம் சேரத் தொடங்கியிருந்தது. விளிம்பில் நிசாந்தன் காலை அகட்டி வைத்து நின்றான். தில்லைநாதன் டிக்கெற் பையை எடுத்து இடத்தோளில் மாட்டிக்கொண்டு உள்ளே போய் வாசலில் இருந்தான். நிற்கத் தேவையில்லை என்பது இருந்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது. முதலாவதாக ஏறிய மனுசி இரண்டு பிள்ளைகளோடு வந்தாள்.

"எத்தினை பேர்?" என்று கேட்டான்.

"நானும் ரெண்டு அரை டிக்கெற்றும்" என்றாள்.

"சின்னவனுக்கு எத்தினை வயசு?"

"நாலு."

"நாலுக்கு வேண்டாம். உள்ளுக்கு இருங்கோ, கம்பியை வடிவாய்ப் பிடிச்சுக்கொள்ளச் சொல்லுங்கோ."